குமுளி ஏறும் ஊழிய வேன்கள்

மே மாதம் வந்துவிட்டால் குமுளி மலைப்பாதையில் ஒரு வகை வேனை அடிக்கடி பார்க்கலாம். முன்பக்கம் சபையின் பெயர் போட்ட ஃபிளெக்ஸ், உள்ளே கீபோர்டும் டோலக்கும், கூரைமேல் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய துணி மூட்டைகள். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, சில சமயம் சென்னையிலிருந்துகூட வருகிறார்கள். லோயர் கேம்ப்பைத் தாண்டி, கேரள எல்லையைக் கடந்து, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, ஏலப்பாறை வட்டாரத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். காலையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), சாயங்காலம் பாட்டும் பிரசங்கமும், டாக்டர் யாராவது கூட வந்திருந்தால் ஒரு மருத்துவ முகாம், கிளம்பும் நாளில் போர்வையும் அரிசியும். ஊர் திரும்பியதும் அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள், புரொஜெக்டரில் படம் காட்டுவார்கள். சபைகளில் இதை மிஷன் பயணம் என்பார்கள், ஊழியப் பயணம் என்றும் சொல்வதுண்டு.

அதே பாதையில் விடிவதற்கு முன்பே வேறு ஜீப்புகள் மேலே போயிருக்கும். கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் ஏலத்தோட்டக் கூலிக்கு நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் ஜீப்புகள். சாயங்காலம் அவர்கள் இறங்கும்போது, நம் ஆட்கள் மைக் செட் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பயணங்களைக் கிண்டலடிப்பது சுலபம். ‘செல்ஃபி ஊழியம்’ என்று சபைக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவதும் அதே அளவுக்குச் சுலபம். நான் இப்படிப்பட்ட வேன்களில் போகிறவன், இனியும் போவேன். என் எண்ணம் இதுதான்: இந்தப் பயணத்தால் அதிகம் பெறுகிறவர்கள் போகிறவர்களே. அதை ஒப்புக்கொண்டு போனால் ஏதாவது நல்லது நடக்க வழி இருக்கிறது. கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு போனால், அந்த மலையில் நிஜமாகவே என்ன குறைகிறது என்பது கண்ணில் படாமலே திரும்பிவிடுவோம்.

அங்கே என்ன குறைகிறது? கேரளா ஏழை மாநிலம் இல்லை. நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் கேரளாவின் வறியோர் விகிதம் 0.55 சதவீதம், தமிழ்நாட்டில் 2.2 சதவீதம். 2025 நவம்பர் 1-ஆம் தேதி, அதீத வறுமை இல்லாத மாநிலம் என்று கேரளா தன்னை அறிவித்துக்கொண்டது. ஆக, வறுமை கூடுதலாக உள்ள மாநிலத்திலிருந்து குறைவாக உள்ள மாநிலத்துக்கு நாம் போர்வை சுமந்துகொண்டு போகிறோம். மாநிலத்தின் சராசரி எஸ்டேட் லயத்துக்குள் நுழைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏன் நுழைவதில்லை என்பதை வேனில் போகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகள். ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் கால் நீட்டி உட்காரும் அளவுக்கு ஒரு திண்ணை. வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அதனாலேயே ஓய்வு பெறும் வயதில் மகனையோ மருமகளையோ பெயர்ப் பதிவில் சேர்த்துவிட்டு வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. எஸ்டேட் ஓடுகிறவரைக்கும் அது பாதுகாப்பு. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு வட்டத்தில் பல எஸ்டேட்டுகள் மூடப்பட்டன. கூலி நின்றது. கூலியோடு சேர்ந்து ஆஸ்பத்திரி, காப்பகம், வருஷா வருஷம் கூரைக்குப் பார்க்கும் பழுது என்று எல்லாமே நின்றன. மூடிய எஸ்டேட்டுகளில் தொழிலாளர்கள் செடிகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, கொழுந்து கிள்ளி விற்றுக் காலம் தள்ளினார்கள்.

இந்தக் குடும்பங்கள் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து, கூலிக்கு ஆள் சேர்த்த கங்காணிகளோடு மலையேறியவர்களின் பேரப் பிள்ளைகள், கொள்ளுப் பேரப் பிள்ளைகள். பெரும்பாலும் தலித்துகள். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும், அங்கே தமிழர்கள் போராடியும், கேரளாவில் நின்றுவிட்டன. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு அரசாங்கத்துக்கும் கொஞ்சம் வெளியாட்களாகவே இருக்கிறார்கள். இங்கே தேர்தல் வந்தால் ‘நம் தமிழர்கள்’, அங்கே சான்றிதழ் கேட்டால் ‘எங்கிருந்து வந்தீர்கள்?’

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘சுவிசேஷம் எட்டாத இடம்’ என்று நம் ஃபிளெக்ஸில் அச்சடிக்கிறோமே, அந்த லயங்களில் பலவற்றின் அருகே ஏற்கெனவே ஒரு கிறிஸ்தவக் கோயில் இருக்கும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று மூன்றும் இருக்கும் டிவிஷன்களும் (எஸ்டேட்டின் உட்பிரிவுகள்) உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷனரி கால் வைத்த மலை இது. உபதேசியாரின் பேரன் வீட்டு வாசலில் நின்று, இயேசுவைத் தெரியுமா என்று கைப்பிரதி நீட்டும் கூத்தை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

ஒரு சாயங்காலக் கூட்டம் முடிந்த நேரம். பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடிவிட்டார்கள், வாலிபர்கள் வட்டமாக நின்று நன்றி ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் ஒரு துணிக்கடைக் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கொழுந்து கிள்ளிய கறை விரல் நுனிகளில் ஆயுசுக்கும் போகாது போலிருக்கிறது. கட்டைவிரல் வெடிப்புகளில் கறுப்புக் கோடுகளாக நின்றது.

“பாட்டு நல்லா இருந்துச்சு தம்பி. இதுல என்னமோ எழுதியிருக்கு. ஒருக்காப் படிச்சுச் சொல்லுங்க.”

கவருக்குள் பி.எஃப். சீட்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எட்டாக மடித்து மடிப்பெல்லாம் கிழிய ஆரம்பித்த ஒரு கடிதம். கடிதம் மலையாளத்தில் இருந்தது. எங்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்: மார்த்தாண்டம் பக்கத்து அண்ணாச்சி, சமையலைப் பார்த்துக்கொள்ள வந்தவர். விளவங்கோட்டுப் பழைய ஆட்கள் பலருக்கு மலையாளம் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் படித்தார். பணிக்கொடை (கிராஜுவிட்டி) விஷயமாக, அசல் ஆவணங்களோடு இன்ன தேதியில் வரச்சொல்லித் தொழிலாளர் துறையிலிருந்து வந்த கடிதம். தேதி போய் மாதங்கள் ஆகியிருந்தன.

“பேத்திக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமே, பாட்டி?”

“அவ எர்ணாகுளத்துல துணிக்கடையில நிக்கிறா. தீபாவளிக்குத்தான் வருவா.”

அண்ணாச்சி அன்று ராத்திரியே வி.பி.எஸ். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தாமதத்துக்குக் காரணம் சொல்லி, வேறு தேதி கேட்டு மலையாளத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்று சொன்னால், கூட வந்த வாலிபர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தக் கடிதத்தின் மதிப்பைக் கொஞ்சம் கணக்குப் போடலாம். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. கடைசிக் கூலி நாளுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 வருஷம் கொழுந்து எடுத்தவருக்கு 1,80,000 ரூபாய் வர வேண்டும். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. நொடித்துப்போன எஸ்டேட்டுகளில் அது வருஷக் கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. பணம் வராததால் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று ஒழுகும் லயத்திலேயே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது ‘இடிந்த வீட்டில் வாழும் ஏழைப் பாட்டி’. அவரைப் பொறுத்தவரை அது ஒரு பேரம், பிடிவாதமான பேரம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. இருந்தும் பாட்டியின் கவருக்குள் வந்து சேர்ந்தது மலையாளக் கடிதம்தான்.

சரி, இந்த இரண்டு நாள் ஊழியம் என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

இது நம் மண்ணில் முளைத்ததும் இல்லை, ரொம்பப் பழையதும் இல்லை. 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் நண்பர்களோடு விடுமுறையில் மெக்சிகோவுக்கு ஒரு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு போனார். ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற மிஷன் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. 1960-ல் லோரன் கன்னிங்ஹாம், வாலிபர்களைக் குறுகிய காலத்துக்கு வெளிநாடு அனுப்புவதற்கென்றே யூத் வித் எ மிஷன் அமைப்பைத் தொடங்கினார். ஜெட் விமானமும் கோடை விடுமுறையும் சேர்ந்து இதைப் பெரிய இயக்கமாக்கின. 2000-களின் நடுவில் ஆண்டுக்கு சுமார் 16 லட்சம் அமெரிக்கச் சபையார் இப்படி வெளிநாடு போய்வந்தார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் வுத்னவ் மதிப்பிட்டார். அந்த அச்சுதான் கான்ஃபரன்ஸ்கள் வழியாகவும், பாடத்திட்டங்கள் வழியாகவும் நம் ஊர் வாலிபர் ஐக்கியங்களுக்கு வந்தது. டி-ஷர்ட் உட்பட.

அமெரிக்காவிலேயே இதைப் பற்றிக் கேள்வி எழாமல் இல்லை. ஹோண்டுராஸ் நாட்டை 1998-ல் மிட்ச் புயல் புரட்டிப் போட்டபோது வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் பிற்பாடு கணக்கெடுத்தார். உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு ஒரு வீட்டை சுமார் 2,000 டாலரில் கட்டியது. வந்த குழு கட்டிய வீட்டுக்குப் பயணச் செலவெல்லாம் சேர்த்தால் சுமார் 30,000 டாலர். வீடு பெற்ற குடும்பங்களிடம் கேட்டால், யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. போய்வந்தவர்களின் ஜெபம், காணிக்கை, வாழ்க்கை முறை ஆகியவற்றிலும் அவர்கள் சொல்லிக்கொண்ட அளவுக்கு மாற்றம் நிலைக்கவில்லை.

நம் வேன் விமானம் இல்லை, செலவு அவ்வளவு ஆகாது. ஆனாலும் இருபது பேர், ஆளுக்கு 3,000 ரூபாய் என்றால் 60,000 ரூபாய். அதில் மலையில் தங்குவது எவ்வளவு, டீசலுக்கும் ஃபிளெக்ஸுக்கும் போவது எவ்வளவு என்று கணக்குக் குழுவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஆவிக்குரியவர் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

நம் பக்கத்து மிஷன் வரலாறு இதற்கு நேர் எதிரான வழியில் போயிருக்கிறது. பீர்மேட்டுக்குக் கீழே முண்டக்கயம் வட்டாரத்தில் வேலை செய்த சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரி ஹென்றி பேக்கர் தாமாக மலைக்குப் போகவில்லை. மலை அரையர் பழங்குடித் தலைவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித்தர வேண்டும் என்று திரும்பத் திரும்ப இறங்கிவந்து அழைத்த பிறகே போனார், போனவர் அந்த மக்களோடு பல வருஷம் கழித்தார். ஹோவர்ட் சாமர்வெல் கதை இன்னும் சுவாரஸ்யம். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு ஷெர்பாக்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையைப் பார்த்தார். வாசலில் நோயாளிக் கூட்டம், உள்ளே ஒரு டாக்டர் ஓய்ச்சல் ஒழிவில்லாமல். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார், பிறகு வேலூரில் பாடம் நடத்தினார், 1961-ல் ஓய்வு பெறும்வரை இந்தியாவில் இருந்தார். அவருடைய முதல் வருகையும் குறுகிய காலப் பயணம்தான். அங்கே கண்ட கூட்டத்துக்கு அவர் பதில் சொன்ன விதத்தில்தான் அது வேறாகிவிட்டது. எல்லாரும் சாமர்வெல் ஆக வேண்டியதில்லை, ஆகவும் முடியாது.

அசரியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், திருநெல்வேலி ஜனங்களின் காணிக்கையில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பிய சங்கம் அது. பிற்பாடு அவரே போய், தெலுங்கு படித்து, 1912-ல் அங்கே பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த அரங்கில் எழுந்து அவர் பேசியதன் சாரம் இது: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மிஷனரி தன் வீட்டு விருந்துக்கு இந்திய உபதேசியாரைக் கூப்பிடாத காலம்.

அந்தப் பேச்சை நம் சபைகளில் பெருமையாக மேற்கோள் காட்டுகிறோம், வெள்ளைக்காரனுக்கு ஒரு தமிழன் கொடுத்த சூடு என்று. இன்றைக்கு வேனில் ஏறி மலைக்குப் போகும்போது அந்த அரங்கில் நம் நாற்காலி எந்தப் பக்கம் போடப்பட்டிருக்கிறது என்பதை யோசிப்பதில்லை. லயத்து மக்களோடு உட்கார்ந்து அவர்கள் வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்த குழு எத்தனை? நாம் சமையல்காரரையும் அரிசியையும் கையோடு கொண்டுபோகிறோம். ‘அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது’ என்பது காரணம். நல்ல காரணம்தான். ஆனால் எதையும் வாங்கிக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருப்பவனோடு யாரும் சிநேகம் வைத்துக்கொள்ள முடியாது.

அப்புறம், ‘பாவப்பட்ட ஜனங்கள்’ என்ற பேச்சு. 2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது என்பது மறந்துவிட்டதா? போனஸைக் குறைத்தபோது தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்துக்கொண்டு 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த சுற்றுப் போராட்டத்துக்குப் பிறகு 301 ரூபாய் ஆனது. இப்படிப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி, கையில் போர்வையைக் கொடுத்து, ‘இந்தப் பக்கம் பாருங்கம்மா’ என்று படம் எடுக்கிறோம். பிள்ளைகளின் முகங்களைப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபேஸ்புக்கில் ஏற்றுகிறோம். நம் வீட்டுப் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாத ஆள் ‘ஏழைக் குழந்தை’ என்று போட்டால் சும்மா இருப்போமா?

மருத்துவ முகாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ரத்தக் கொதிப்புக்குப் பத்து நாள் மாத்திரை கொடுப்பதில் பதினோராவது நாளுக்குப் பதில் இல்லை. கேரளாவில் குடும்ப சுகாதார மையங்களில் பிரஷர், சுகர் மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். மலையில் பிரச்சினை, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், ஜீப்புக்கும் காசு வேண்டும் என்பதே. முகாமுக்கு அந்த டிவிஷனின் ஆஷா பணியாளரை (வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்) அழைத்து, பார்த்த நோயாளிகளின் பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்த குழு ஒன்றை அறிவேன். அதைவிட எளிதான, பயனுள்ள யோசனை எனக்குத் தோன்றவில்லை.

இனி ஞானஸ்நானம். இதைத்தான் யாரும் பேச விரும்புவதில்லை, நான் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன்.

1950 ஆகஸ்ட் 10-ல் வெளியான பட்டியல் சாதிகள் தொடர்பான குடியரசுத் தலைவர் ஆணை, லயத்துக் குடும்பங்களை இரண்டு விதத்தில் பிடிக்கிறது. முதலாவது, தேதி. பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிப் பட்டியல் என்பதால், குடும்பம் 1950-க்கு முன்பே இன்றைய கேரளப் பகுதியில் குடியிருந்தது என்று காட்ட வேண்டும். தாத்தா எந்த வருஷம் கங்காணியோடு மலையேறினார் என்பதற்கு எஸ்டேட்டின் பழைய பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எஸ்டேட் கைமாறி, மூடி, ஆபீஸ் கூரை ஒழுகிப் பதிவேடு மக்கிப்போன இடங்களில் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழ் கேரளாவில் இடஒதுக்கீட்டுக்கு உதவாது.

இரண்டாவது, மதம். அதே ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைச் சார்ந்தவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. கேரள அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கு 8 சதவீதம் ஒதுக்கீடு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்குத் தனியாக 1 சதவீதம். இது நியாயமில்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விடுகிறதா என்ன, கல்லறைத் தோட்டத்திலேகூடச் சாதிக்குத் தனி வரிசை போட்ட ஊர்கள் நம்முடையவை. 2022-ல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. சட்டம் மாறினால் நல்லது. இன்றைய தேதிக்கு நிலைமை இதுதான்.

இந்தப் பின்னணியில், இரண்டு நாள் இருக்கப் போகிற குழு பெரியாற்றின் கரையில் யாருக்காவது ஞானஸ்நானம் கொடுத்து, படம் எடுத்து, ‘இத்தனை ஆத்துமாக்கள்’ என்று அறிக்கை எழுதிவிட்டு மலையிறங்குவதை என்னவென்று சொல்வது? விசுவாசத்துக்கு விலை உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. விலை தெரிந்து ஒருவர் கொடுத்தால் அதன் முன் நான் தலைவணங்குகிறேன். அந்த லயங்களில் அப்படி யோசித்து, கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர் என்று இரண்டையும் சுமந்துகொண்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். மகள் நர்சிங் படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தண்ணீரில் இறங்காமல் ஒவ்வொரு ஞாயிறும் கடைசி பெஞ்சில் உட்காரும் அப்பாக்களும் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் குறை சொல்லும் தகுதி, விலையைக் கொடுக்க வேண்டியில்லாத எங்களுக்குக் கிடையாது. விலையைச் சொல்லாமல் ஒருவரைத் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போவது மட்டும் ஊழியமாகாது. அதைச் செய்யும் உரிமையும் பொறுப்பும் அங்கே வருஷம் முழுக்க இருக்கும் போதகருக்கு. மழைக்காலத்தில் சாவு விழுந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வருகிறவர் அவர்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தபோது பிணங்களை அடையாளம் காட்டியவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள்.

அந்த உள்ளூர்ப் போதகர்களின் பாடு தனிக் கதை. ஒரு சீசனில் மூன்று நான்கு குழுக்கள் ஃபோன் செய்யும். ‘ஐயா, நாங்க வர்றோம், ஆள் கூட்டி வச்சிருங்க.’ ஒவ்வொரு குழுவுக்கும் தங்க இடம், தண்ணீர், கரண்ட், கூட்டம். அதே பிள்ளைகள் அதே பாட்டைப் புதுசாகக் கேட்பதுபோல் கை தட்டும். வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாது, கோயில் கூரை போட மலைக்குக் கீழே இருந்துதான் பணம் வர வேண்டும். நிஜமாக என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் ‘எல்லாம் கர்த்தர் நடத்துகிறார்’ என்பார். மூன்றாம் தடவை, டீ குடித்துக்கொண்டே, தனியாகக் கேட்டால் வேறு பதில் வரும்: பிளஸ் டூ முடித்த நாலு பிள்ளைகளுக்கு எந்தக் கோர்ஸ், எந்த உதவித்தொகை என்று சொல்ல ஆள் வேண்டும். அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) விண்ணப்பம் போடத் துணைக்குப் போக ஆள் வேண்டும். பக்கத்து லயத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன, அவர்களோடு பேச இந்தி தெரிந்த ஒருவர் ஒரு மாதம் வந்து இருந்தால் நல்லது.

இந்தப் பட்டியலில் கீபோர்டு இல்லை, போர்வையும் இல்லை. ஏமாற்றமாக இருக்கும்தான். இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1968-ல், மெக்சிகோவுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொன்னார்: பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். லயத்தில் ஒரு ராத்திரி தங்கிய பிறகு டீ குடிக்கும்போது அதன் விலை உறைக்கும் நகரத்துப் பையன்கள் உண்டு. அப்படி ஒருவன் பின்னால் தொழிலாளர் சட்டம் படிக்கப் போனான். அவன் பெற்றதை அவன் பெற்றதாகவே எழுத வேண்டும். அறிக்கையில் ‘நாங்கள் கொடுத்தவை’ என்ற பத்தி எப்போதும் ஒரு பக்கம் வருகிறது, ‘நாங்கள் வாங்கிக்கொண்டவை’ என்ற பத்தியே இருப்பதில்லை.

ஒரே எஸ்டேட்டுக்கு, ஒரே போதகரிடம் கேட்டுக்கொண்டு, வருஷா வருஷம் போகும் சபைகளும் இருக்கின்றன. இருபது பேருக்குப் பதில் ஐந்து பேர், அதில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், பி.எஃப். அல்லது வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். போய்வந்த பிறகும் ஃபோனில் தொடர்பில் இருக்கிறார்கள், மனு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அதில் சாட்சி சொல்லும்படியான சம்பவம் அதிகம் இருக்காது. ‘கோப்பு அடுத்த மேஜைக்குப் போயிருக்கிறது’ என்று ஆராதனையில் எழுந்து சொன்னால் யார் அல்லேலூயா சொல்வார்கள்?

இந்த வருஷம் புதிதாகக் கிளம்பும் குழுக்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்லலாம். மே மாதத்தை விட ஜூன், ஜூலை நல்லது. மழை அடிக்கும், அட்டை கடிக்கும். ஆனால் பள்ளிச் சேர்க்கை, உதவித்தொகை, சான்றிதழ் என்று மலையில் காகிதங்களுக்கு அலையும் காலம் அதுதான். வெள்ளி ராத்திரி கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பும் திட்டத்தில் தாலுகா ஆபீஸ், வில்லேஜ் ஆபீஸ், தொழிலாளர் துறை எதிலும் ஒரு வேலையை முடித்துவிட்டு வர முடியாது. ஆகவே பெயர் கொடுக்கிறவர்களிடம் பாடத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், திங்கள் செவ்வாய் லீவு கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.